ஜெசியின் கோட்டுக்கு நாலு விரல் குறைவு

என் அருமை எதிரி ஜெசிக்கு,

நலமா என்று உன்னைக் கேட்கக் கூடாதுதான். கேட்டுப் பழகிவிட்டது, கேட்டுவிட்டேன். இங்கே நான் நலம். வலது கெண்டைக்கால் மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது. அதற்குக் காரணமே நீதான், பிறகு சொல்கிறேன்.

உனக்கு நான் கடிதம் எழுதுவது மற்றவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். நாம் தோழிகள் இல்லை. உன் அம்மா மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். என் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். உன் வீடு திருப்பரங்குன்றத்துப் பக்கம், என் வீடு கீழக்குயில்குடி. ஐம்பத்து நாலு கிலோ எடையில் குத்துச்சண்டை போடுகிறோம் என்பதைத் தவிர நமக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மூன்று முறை மோதினோம். மூன்று முறையும் நீதான் ஜெயித்தாய்.

முதல் சண்டை முடிந்து கிளவுஸைக் கழற்றும்போது என்னிடம் வந்து, "அக்கா, மூக்குல ரொம்பப் பட்டுருச்சா?" என்று கேட்டாய். நான் சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறதா? "அக்கா கிக்கான்னு கூப்பிட்ட, பல்லு எகிறிரும்." மூக்கில் பஞ்சு அடைத்திருந்ததால் அது மிரட்டலாகவே கேட்கவில்லை. நீ சிரித்தாய். அடுத்த இரண்டு முறையும் வேண்டுமென்றே அக்கா, அக்கா என்று கூப்பிட்டாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உன் கை ஒன்றும் பெரிய கை இல்லை. கனமான கை என்னுடையது. கப்பலூர் ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் பெட்டி தூக்குகிற கை. ஆனால் நீ எட்டாத தூரத்தில் நிற்பாய். நான் ஒரு மூச்சு விடுவதற்குள் என் முகத்துக்கு முன்னால் இருப்பாய். நடுவில் கிடந்த தூரம் எங்கே போனது என்றே தெரியாது.

முருகேசண்ணனை உனக்குத் தெரியும். எங்கள் ஃபேக்டரியில் ஃபிட்டர், சாயங்காலம் எங்கள் நாலைந்து பேருக்குக் கோச். மூலையில் நின்றுகொண்டு, "அவ கையப் பாக்காத புள்ள, பின்னங்காலப் பாரு. அடி அங்க இருந்துதான் கெளம்புது" என்று கத்துவார். சரியென்று உன் பின்னங்காலைப் பார்ப்பேன். பார்த்துக்கொண்டே அடி வாங்குவேன்.

ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். நாலாம் நாள் நீ இல்லை. முருகேசண்ணன்தான் பேக்கிங் நடக்கிற இடத்துக்கு வந்து சொன்னார். ஜெசி, அந்த நிமிடத்தில் எனக்குள் முதலில் வந்த நினைப்பை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 'அப்போ இந்த வருசம் மெடல் எனக்குத்தான்.' ஒரு நொடிதான் இருக்கும். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. ஆனால் முதலில் வந்தது அந்த நினைப்புதான். உன்னிடம் ஒப்புக்கொள்ளாமல் வேறு யாரிடம் ஒப்புக்கொள்வது?

நினைத்தது அப்படியே நடந்தது. மாசியில் மாவட்டப் போட்டி. நம் பிரிவில் என்னோடு சேர்த்து இரண்டே பேர். மற்றவள் எடை பார்க்கிற நேரத்துக்கு வரவில்லை. வாக்ஓவர். ரெஃப்ரி என் கையைத் தூக்கினார். எதிர்மூலை காலியாக இருந்தது. என் பனியனில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. கீழே இறங்கியபோது யாரோ ஒருவர், "ஒனக்கு வழி விட்டுட்டுப் போயிருக்காத்தா அந்தப் புள்ள" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவரை அடிக்காமல் வந்ததற்கு எனக்கு இன்னொரு மெடல் கொடுத்திருக்கலாம்.

அந்த மெடலை என் வீட்டில் வைக்க மனம் வரவில்லை. மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். டீச்சர் என்னை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, மெடலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி என் மடியிலேயே வைத்தார். "சண்ட போடாம வாங்குனதா? அவளுக்குப் புடிக்காதும்மா" என்றார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் கோபமாகச் சொல்லவில்லை. உன்னைத் தெரிந்தவராகச் சொன்னார்.

பிறகு வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். சிமென்ட் தரை. துணி துவைக்கிற கல். கல்லுக்கு எதிரே, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. "கல்லு பக்கத்துல கால ஒட்டி வச்சுக்கிட்டு, நின்ன எடத்துல இருந்தே ஒரே தாவு. எவ்வளவு தூரம் விழுறாளோ அங்க கோடு போட்டுக்குவா. அதத் தாண்டுனா பழச அழிச்சுட்டுப் புதுசு" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. ரிங்கில் நடுவில் காணாமல் போன தூரம் இங்கேதான் இருந்திருக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு நானும் குதித்தேன். உன் கோட்டுக்கு ஒரு சாணும் நாலு விரலும் குறைந்தது.

ஆனியில் மாநிலத் தேர்வுப் போட்டி. அங்கே வாக்ஓவர் கிடைக்காது, சண்டை போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. நீ இருந்திருந்தாலும் உன்னைத் தாண்டியிருப்பேனா? அந்தக் கோட்டைத் தாண்டாமல் ரிங்கில் ஏறினால் மறுபடியும் காலி மூலையைப் பார்த்து நிற்பதுதான். ஞாயிறுதோறும் வருகிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன். "வா" என்றார்.

நான் எப்படி ஆரம்பித்திருப்பேன் என்று உனக்கே தெரியும். விடிந்தும் விடியாமலும் சமணர் மலைப் படியில் ஏறி இறங்கினேன். எத்தனை தடவை என்று எண்ணியதில்லை, கால் நடுங்கும் வரை. தவளைக் குதி இருநூறு. தோப்புக்கரணம் ஐந்நூறு. பிறகு ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் நிற்பது. வேர்வை கொட்டக் கொட்டச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து உன் வீட்டில் குதித்தால், முதல் நாள் விழுந்த இடத்துக்கும் இரண்டு விரல் பின்னால்தான் விழுந்தேன்.

டீச்சரிடம் கேட்டேன், "அவ ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் குதிப்பா டீச்சர்?"

"எங்க குதிச்சா? பாதி நேரம் இந்தப் படியில உக்காந்துதான் இருப்பா. அஞ்சு குதி, அப்புறம் வந்து உக்காந்துக்குவா. மறுபடி அஞ்சு. சோம்பேறின்னு நானே எத்தன தடவ திட்டிருக்கேன்."

முருகேசண்ணனிடம் போய்ச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "நானும் அதத்தான சொல்றேன், நீ எங்க காதுல வாங்குற? களைச்சுப்போன காலு மெதுவாத்தான் பழகும். ஒவ்வொரு குதியும் மொதக் குதி மாதிரி இருக்கணும். அதுக்கு நடுவுல மூணு நிமிசம் சும்மா உக்காரணும். ஒன்னால முடியுமா?"

உட்காருவதற்கு என்ன, யாரால்தான் முடியாது என்று நினைத்தேன். என்னால் முடியவில்லை, ஜெசி. அதுதான் இந்த நாலு மாதத்தில் நான் பட்ட பெரிய பாடு. மூன்று நிமிடம் சும்மா உட்கார்ந்தால் திருடுவது போல் இருந்தது. எழுந்து ஏதாவது செய்யச் சொல்லி உடம்பு பிடுங்கியது. எங்கள் வீட்டில் வேலைக்கு நடுவில் உட்கார்ந்தவர்கள் கிடையாது. அம்மா வயலில் நிமிர்ந்து நின்றாலே வரப்பில் இருப்பவர் குரல் கொடுப்பார். ஃபேக்டரியில் எங்களுக்கு நாற்காலியே இல்லை. உன் வீட்டுப் படியில் உன்னால் உட்கார முடிந்தது. அது உனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்து உன்மேல் பொறாமையும் பட்டேன், மறைக்கவில்லை.

ஒரு நாள் எங்கள் வாசலில் ஐந்து குதி முடித்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலைக்குக் கிளம்பிய அம்மா நின்று பார்த்தாள். "ஏண்டி, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா. உக்காரணுமாம். அப்பத்தான் காலுக்கு வேகம் வருமாம்."

"யாரு சொன்னா?"

"செத்துப்போன அந்த டீச்சர் மக."

அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். மூன்று நிமிடமும் உட்கார்ந்தாள். வெயில் ஏறுவதற்கு முன்னால் அவள் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எழுந்தபோது, "நல்லாத்தேன் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போது ஊரில் கேட்பவர்களிடம் எல்லாம், "எம் மக உக்காந்து வேல பாக்குறா" என்கிறாள். அவர்கள் எனக்கு ஆபீஸ் உத்தியோகம் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

அதன் பிறகு கால் மாறியது. ஓட்டத்தைக் குறைத்தேன். இடுப்பளவுப் பாறையில் ஏறிக் குதிப்பது, ஒற்றைக் காலில் தாவுவது, பூனை மாதிரி சத்தமில்லாமல் இறங்குவது. எல்லாம் ஐந்து ஐந்துதான், நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்துதான். சித்திரைக் கடைசியில் ஒரு நாள் முருகேசண்ணன் உள்ளங்கையில் மாட்டிப் பிடித்திருந்த மெத்தைப் பேடில் ஒரு நேர்க்குத்து விட்டேன். தோளுக்கு வேலையே இல்லை. பின்னங்கால் தரையைத் தள்ளியது, இடுப்பு திரும்பியது, கை சும்மா கூடப் போனது. அண்ணன் இரண்டு எட்டுப் பின்னால் போய்ச் சுவரில் முட்டினார். பேடைக் கழற்றி உள்ளங்கையை உதறிக்கொண்டே, "இது அந்தப் புள்ள குத்துல்ல?" என்றார். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அந்தச் சந்தோஷத்தில் உன்னிடம் சண்டைக்கு வர வேண்டும் போலிருந்தது. நீ இல்லையே என்று அன்றுதான் ரொம்ப நேரம் அழுதேன்.

போன ஞாயிறுதான் போட்டிக்கு முந்தைய கடைசி ஞாயிறு. உன் வீட்டுக் கல்லுப் பக்கத்தில் நின்றேன். ஐந்து முறை குதித்தேன். உட்கார்ந்தேன். மறுபடி ஐந்து. எப்படிக் குதித்தாலும் உன் கோட்டுக்கு நாலு விரல் குறைவு. ஒரு விரல்கூட முன்னால் போகவில்லை. கடைசிக் குதியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். வலிக்காக இல்லை.

டீச்சர் என் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார். "செல்வி, அது அவ போட்ட கோடு இல்லம்மா. அவ நம்மள விட்டுப் போன அந்த வாரம் அடைமழ. அடக்கம் முடிஞ்சு வந்து பாக்குறேன், கோட்டக் காணோம். எனக்குத் தாங்கல. நானே சாக்பீஸ எடுத்துப் போட்டுட்டேன். அழிய அழிய அது மேலயே போட்டுக்கிட்டிருக்கேன். எங்க இருந்துச்சுன்னு கண்டேன்? ஒரு சாண் தள்ளித்தான் போட்டுருப்பேன். பெத்தவ கை, கூடத்தான போடும்?"

ஒரு சாண் தள்ளி என்றால், உன் கோட்டை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். ஆனால், ஜெசி, அதை நான் முழுதாக நம்பவில்லை. டீச்சர் பொய் சொல்ல மாட்டார். ஆனால் அழுகிற பிள்ளையைப் பார்த்தால் நாலு மார்க் கூட்டிப் போடுகிற டீச்சர்தானே அவர்? "நெசமாவா டீச்சர்?" என்று கேட்டேன். அவர் சாக்பீஸை என் கையில் கொடுத்தார். "எங்க போடணும்னு ஒனக்குத் தோணுதோ, நீயே போடு."

எது உன் கோடு? நீயாவது சொல்லேன்.

நொண்டிக்கொண்டே போய் மண்டியிட்டேன். அந்தக் கோட்டின் மேலேயே, அது இருந்த இடத்திலேயே, சாக்பீஸ் உடையும்வரை அழுத்திப் போட்டேன். டீச்சர் ஏன் என்று கேட்டார். "இந்த எட்டு மாசமும் அவ இருந்திருந்தா, ஒரு சாண் கூட்டியிருக்க மாட்டாளா டீச்சர்?" என்றேன். அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். உள்ளே போகவில்லை, என் பக்கத்திலேயே நின்றார்.

நாளைக்குக் காலையில் ரயில். கால் சரியாகிவிடும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். முதல் சுற்றில் எனக்கு எதிரே நிற்கப் போகிறவள் ரொம்ப வேகமானவளாம். இருக்கட்டும். உன்னைவிட வேகமாக ஒருத்தி என் எதிரே வந்து நின்றதில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஜெயித்தால் அந்த மெடலைப் போட்டுக்கொண்டு உன் வீட்டுக்குப் போவேன். தோற்றால் வீங்கின முகத்தோடு போவேன். எப்படியானாலும் அடுத்த ஞாயிறு அந்தக் கல்லுப் பக்கத்தில் கால் வைத்து, மிச்சமிருக்கிற நாலு விரலுக்கும் குதிப்பேன். தாண்டும் நாளில் கோட்டை அழிக்கமாட்டேன். உன் கோடு அங்கேயே இருக்கும், அதற்கு அந்தப் பக்கம் என்னுடையதைப் போடுவேன். குதிகளுக்கு நடுவில் அந்தப் படியில் போய் உட்காருவேன். கூப்பிட வேண்டுமென்றால் அப்போது கூப்பிடு. இந்தத் தடவை திரும்பிப் பார்ப்பேன்.

உன் அக்கா,
பாண்டிச்செல்வி