வலது மூலையில் ஒரு வேர்

மார்ச் 3, திங்கள்
கால்வாய்ப் படம், பதினான்கு பிரதி. கால்வாய் அலுவலகத்தின் நூறாவது ஆண்டுக்காம். மலையைப் பிளந்து ஆயிரம் பேர் மண் சுமக்கும் அந்தப் பழைய ஓவியத்தை நான் கண்ணை மூடிக்கொண்டே போடுவேன். ஆட்கள் என் பொறுப்பு. மண்ணும் பாறையும் தம்பி பொறுப்பு.

மதியம் முதலாளியம்மா சொன்னார்: "இது முடிஞ்சதும் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் வச்சுக்க முடியும். வேலையைப் பார்த்து முடிவு பண்றேன்." தம்பி தலையாட்டினான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இனி எந்தப் பட்டறை என்னைச் சேர்க்கும்?

மார்ச் 6
மூலத்தைப் பார்த்து இங்கே யாரும் வரைவதில்லை. அதன் அச்சு அஞ்சலட்டை அளவுதான். பதினொரு வருடத்துக்கு முன் அதைப் பார்த்து நான் போட்ட முதல் பிரதிதான் எங்கள் தாய்ப்படம். அதைத் தலைகீழாக மாட்டித்தான் வரைவோம். இது ஆள், இது மரம் என்று தெரிந்தால் கை தன் இஷ்டத்துக்குப் போடும். உருவம் புரியாவிட்டால் கண்டதை மட்டும் போடும். நான் கொண்டுவந்த முறை. இன்றுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

மார்ச் 7
தம்பி பூதக்கண்ணாடியும் அஞ்சலட்டையுமாக வந்தான்.

"அண்ணா, வலது மூலையில நீ போட்டிருக்கறது வேர் இல்ல. கை. மண் சரிஞ்சு ஒருத்தன் உள்ள போயிட்டான். கை மட்டும் வெளிய இருக்கு."

பார்த்தேன். ஐந்து கிளை வேர். ஐந்து விரல். தலைகீழாக வைத்து எத்தனை பிரதி போட்டிருப்பேன்?

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன். பதினாலுலயும் நானே மாத்திடறேன். உன் இடது கையைக் கொஞ்சம் விரிச்சுக் காட்டு."

காட்டினேன். சுண்டுவிரல் வளைந்திருக்கும். சின்ன வயதில் அவன் கதவைச் சாத்தியபோது நசுங்கியது. இன்றும் அதைப் பார்த்து முகம் சுருங்கினான்.

ஆத்திரமா வருது. நல்லவனா இருக்கறதுக்கு இவனுக்கு வேற இடமே கிடைக்கலையா?

மார்ச் 14
பதினான்கு கைகளையும் முடித்துவிட்டான். நன்றாக இருக்கின்றன. வயிறு எரிகிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்
சொல்லிவிட்டேன். "தம்பி சொந்தமா ஒரு பிணத்தைச் சேர்த்திருக்கான்மா. தாய்ப்படத்துல இல்ல, பாருங்க."

முதலாளியம்மா அஞ்சலட்டையை எடுத்துப் பார்த்தார். வெறுங்கண்ணுக்கு அதில் என்ன தெரியும்? "விழாவுக்குப் போற படத்துல பிணமா?" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். அண்ணன் போட்டதுதான் தப்பு என்று அவனே சொல்லியிருக்கலாம். நான் சொல்வேன் என்று நின்றான். நான் துடைத்த பிரஷையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்குத் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஏப்ரல் 2
பதினான்கு கைகளையும் மூடி வேர் போட்டாயிற்று. அரை நாள் வேலை.

ஏப்ரல் 3
காலையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் தம்பி மனைவி நிறுத்தினாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தம்மா கேட்டிருப்பாங்களே மாமா."

"எவ்வளவோ சொன்னேன்மா, கேக்கல" என்றேன்.

எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 4
கால்வாய் அதிகாரி கதவு உயரத்துக்கு ஒரு புகைப்படத்தோடு வந்தார். மூலத்தை நேரே எடுத்தது. நம் படத்தில் நேராக வலது மூலைக்குப் போனார்.

"கை எங்க? அந்தக் கைக்காகத்தானே இந்தப் படத்தைக் கேட்டோம். விழாவே தோண்டும்போது செத்தவங்களுக்குத்தான்."

முதலாளியம்மா என் பக்கம் திரும்பவில்லை. அது இன்னும் மோசம்.

என் பூச்சு இன்னும் ஈரம். டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தேன். அடியில் அவன் பூச்சு காய்ந்து கெட்டியாக இருந்தது. ஒவ்வொன்றாகக் கை வெளியே வந்தது. பதினான்கிலும் என் வளைந்த சுண்டுவிரல்.

அதிகாரி போனபின் முதலாளியம்மா சொன்னார்: "உங்க தம்பியையே வச்சுக்கறேன். எனக்கு அவன்கிட்ட பேசக் கூச்சமா இருக்கு. நீங்களே பேசி அவனை வரச் சொல்லுங்க."

சரிம்மா என்றேன்.

ஏப்ரல் 5
"கேட்டேன்மா. இந்த வாசலையே மிதிக்கமாட்டேங்கறான்."

முதலாளியம்மா நம்பிவிட்டார். நான் கேட்கவே இல்லை. நேற்று வீட்டுக்குப் போனதும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, மாடியில் அவன் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்
தம்பி மாடியைக் காலி செய்துவிட்டான். எங்கோ சுரங்கப்பாதை தோண்டுகிறார்களாம், மண் அள்ள ஆள் எடுக்கிறார்களாம். போகும்போது கதவருகே நின்று ஒன்றுதான் சொன்னான். "தாய்ப்படத்தையும் மாத்திடு அண்ணா. அடுத்து வர்றவங்க தப்பாப் போட்டுடுவாங்க."

இன்று மாற்றினேன். பார்த்துப் போட வேறு கை இல்லை; என் இடது கையைப் பார்த்தே போட்டேன். பிறகு வழக்கம்போலத் தலைகீழாக மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்தேன்.

தலைகீழாகவும் கைதான்.