அப்பாவிடம் மூடாத கதவு

பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் காகிதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்துவிட்டேன். சாப்பாடும் இறங்குகிறது, அம்மாவின் திட்டும் இறங்குகிறது. பிழைத்துவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

தீயணைப்பு நிலையத்தில் எல்லோருக்கும் அதே ஃப்ளூதான். டிரைவர் நாலு தும்மல் போட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டான். நான் மட்டும் ஆக்சிஜன் மாட்டிக் கிடந்தேன். "நெருப்புக்குள்ள போய்ட்டு வர்ற ஆளு, சளிக்குப் படுத்துட்டீங்களேண்ணே!" என்று மானத்தை வாங்குகிறான். நீ அந்தக் கிருமியைத்தானே ஆராய்ச்சி செய்கிறாய்? அவன் வாயை அடைக்க ஒரு பதில் எழுது.

உன் அப்பா

பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

டிரைவர் மாமாவிடம் சொல்லுங்கள்: கிருமி ஒன்றுதான், அது புகுந்த வீடுதான் வேறு. நம் செல்லுக்குள் ஒரு புரதம் உண்டு. நுழைகிற வைரஸை, அதைச் சுமந்து வந்த சவ்வுப் பைக்குள்ளேயே அடைத்துவிடப் பார்க்கும். தீயை ஒரே அறையில் நிறுத்தும் கதவு மாதிரி. சிலருக்கு அந்தக் கதவு பிறவியிலேயே சரியாக மூடாது. வைரஸ் பரவும். உடம்பு பதறிப்போய் இருக்கிற படையையெல்லாம் நுரையீரலுக்கு அனுப்பும். பாதிச் சேதம் அந்தப் படையால்தான்.

உங்கள் கதவு எப்படியென்று ரத்தத்தில் பார்க்கலாம். நம் டாக்டரம்மாவிடம் கேளுங்கள். ஊசியைப் பார்த்து ஓடாதீர்கள்.

உங்கள் மகள்

மார்ச் 30

அன்பு மகளுக்கு,

ரத்தம் கொடுத்தேன். "முடிஞ்சிடுச்சு சார், என் கையை விடுங்க" என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

என் கதவு மூடாத ரகமாம். அந்தக் கதவைச் செய்கிற மரபணு என் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று, இரண்டுமே கோணல். "அப்போ என் பொண்ணுக்கு?" என்றேன். "உங்க பக்கத்துலேருந்து ஒண்ணு கண்டிப்பா போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. அன்று சாப்பாடு இறங்கவில்லை. சொத்து சேர்க்காதவன் இதையா உனக்கு எழுதிவைத்தேன்? நீயோ தினமும் அந்தக் கிருமியோடு ஒரே அறையில். வேலையை விட்டுவிடு, கண்ணு.

அப்பா

ஏப்ரல் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்கு முன்பே தெரியும். என்னிடம் உங்கள் கோணல் ஒன்று, அம்மாவின் நேர் ஒன்று. இரண்டும் கோணலானவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று இதுவரை பார்த்திருக்கிறோம். கவலை உங்களைப் பற்றித்தான். வருஷா வருஷம் தடுப்பூசிக்கு டிமிக்கி கொடுத்தது நீங்கள்தானே?

இங்கே ஆய்வுக்கூடத்துக்குள் இருவர் இருவராகத்தான் போவோம். ஒருவர் முகமூடிப் பட்டையை மற்றவர் இழுத்துப் பார்த்த பிறகுதான் கதவைத் திறப்போம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது நான். நிலைய வாசலில் நீங்களும் டிரைவர் மாமாவும் வண்டி ஏறுமுன் செய்ததைச் சின்ன வயதில் எத்தனை முறை பார்த்திருப்பேன்! இங்கே அதற்குப் பெயரே ‘அப்பா இழுவை’. இதைவிட நல்ல சொத்து எனக்கு வேண்டாம்.

உங்கள் மகள்

ஏப்ரல் 29

என் கண்ணுக்கு,

வேலையை விடச் சொன்ன காகிதத்தைக் கிழித்துப் போடு. உன் கடிதத்தை நிலையத்தில் உரக்கப் படித்தேன். புரதம் வரும் இடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள், புரிந்த மாதிரி. நானும்தான். ‘அப்பா இழுவை’ வந்ததும் டிரைவர் மூக்கைச் சிந்தினான். மறுபடி ஃப்ளூவாம், நம்பினேன்.

நேற்று தடுப்பூசிக்கு அவனையே கூட்டிப்போனேன். என் சட்டைக் கையை மடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் என் தோளில் இல்லாத பட்டையை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

"சரியா இருக்குண்ணே. உள்ள போங்க."

உன் அப்பா