உன் படத்தில் விழுந்த மாலை

அன்புள்ள மகளுக்கு,

எழுத்து கோணல்மாணலாய்க் கிடக்கும், குறை நினையாதே. பேனை இன்னும் என் சொல் கேட்பதில்லை.

இப்போது எங்கள் முதியோர் வகுப்பில் கொம்பியூட்டரில் வீடியோ வெட்டி ஒட்டவும் பழகுகிறேன்! அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு அவளும் நீயும் நிற்கிற படங்களைக் கோத்தேன். நேற்று வீடியோவில் அவள் படத்துக்குப் போட்ட மாலையும் விளக்கும், என் கைப்பிழையால் உன் படத்தில் விழுந்துவிட்டன.

"என்ன ஐயா, உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு மாலை போட்டிட்டியள்!" என்றார் உதயகலா ரீச்சர். வகுப்பே சிரித்தது. செய்ததை இல்லாமலாக்கும் 'செயல்தவிர்' பொத்தானை நானே எழுத்துக்கூட்டி வாசித்து அழுத்தினேன். மாலை போய்விட்டது. பயம் போகவில்லை.

வியாழக்கிழமை உனக்கு ஒப்பரேசன் என்றாய். அதற்கு முன் சிரித்தபடி ஒரு படம் அனுப்பு. பழையதை எடுத்துவிட்டு அதை வைக்கிறேன்.

அடுத்த கிழமையும் எழுதுவேன். அதை நீயேதான் வாசிக்க வேண்டும்.

அப்பா