நோர்விலஸுக்கு நான் நாக்கான கதை

என் செல்ல மகள் யரீனாவுக்கு, பெரெவோஸ்க்கிலிருந்து அம்மா மிலூஷா எழுதிக்கொள்வது. கடவுளின் அன்னை தயவில் நானும் உன் அப்பாவும் உயிரோடும் பல்லோடும் இருக்கிறோம், நோவ்கரோத்தில் நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, படகுக்குத் தார் பூசும் நாளில் மட்டும் கூடுதலாக வலிக்கிறது. கறுப்புப் பசு கன்று போட்டது, கிடாரி. அதெல்லாம் கிடக்கட்டும், அடியே, உன் அம்மா ஊர்ச்சபை மேடையில் ஏறிப் பேசினேன்! ஒரு முறை இல்லை, இரண்டு முறை. எழுதும்போதே கை துள்ளுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. எழுதுவதற்கு ஒன்பது மரப்பட்டை சீவி வைத்திருக்கிறேன், நூலில் கோத்து அனுப்புகிறேன், வரிசை மாற்றிப் படித்துக் குழம்பாதே.

முதலில் இருந்து சொல்கிறேன். ஆற்றில் பனி உடைந்த வாரம் கோட்டை வாசலில் அறுபது குதிரைக்காரர்கள் வந்து நின்றார்கள், எல்லாரும் லித்துவேனியர்கள். தலைவன் பெயர் நோர்விலஸ். ஆமாம், மூன்று வருஷத்துக்கு முன் நம் மேட்டுத் தெருவைக் கொளுத்தினானே, அவனேதான். அவன் வேட்டைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவன் சித்தப்பா மகன் கின்புதஸ் அங்கே இவனுடைய கோட்டையைப் பிடித்துக்கொண்டு, இவன் மனைவியையும் நாலு வயது மகளையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டானாம். கையில் இருந்த வேட்டை ஈட்டியோடு எல்லை தாண்டி நம் வாசலுக்கு வந்திருக்கிறான். அவன் பேச்சு இங்கே யாருக்கும் புரியவில்லை. நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், சபை ஆட்கள் நாலு பேர் வந்து, "மிலூஷாக்கா, உங்களுக்குத்தானே அவங்க பாஷை தெரியும், எந்திரிங்க"ன்னு கூட்டிக்கொண்டு போனார்கள், மாவுக் கையோடு போனேன். சின்னப் பெண்ணாக என்னைப் பிடித்துக்கொண்டு போய் ஏழு வருஷம் லித்துவேனியாவில் மாட்டுத் தொழுவத்தில் வைத்திருந்தார்கள் என்று உனக்குத் தெரியும், அதற்கு மேல் நான் உன்னிடம் பேசியதே இல்லை. அந்த வீடு யாருடையது தெரியுமா, கின்புதஸின் அப்பாவுடையது. திரும்பி வந்த பிறகு சந்தையில் "லித்துவேனியக்காரி" என்று பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்ததில், அந்த மொழியை நான் பல்லுக்குப் பின்னாலேயே பூட்டி வைத்துவிட்டேன்.

சபையில் மெழுகு வியாபாரி ரத்மீர்தான் முதலில் எழுந்தார். அவருடைய கிடங்கும் அன்றைக்கு எரிந்ததுதானே. "எங்க தெருவைக் கொளுத்தினவனை எதை நம்பி உள்ள விடறது? கேளும்மா அவனை"ன்னு கத்தினார். நான் கேட்டேன். நோர்விலஸ் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "கொளுத்தினேன். அன்னைக்கு நீங்க எதிரி. நாளைக்கே மறுபடி எதிரி ஆனாலும் ஆவீங்க. சண்டை போடத் தெரிஞ்ச அறுபது பேர் வேணும்னா வச்சுக்கங்க, இல்லேன்னா வழி விடுங்க. நான் கெஞ்ச வரல"ன்னு சொன்னான். இதை அப்படியே சொன்னால் என்ன ஆகும், நீயே யோசி. ரத்மீர் கல்லை எடுப்பார், அவன் ஈட்டியை எடுப்பான், பொழுது சாயுமுன் ஊர் எரியும். அவன் பின்னால் நின்றவர்களைப் பார்த்தேன், பாதிப் பேர் காலில் செருப்புக்குப் பதில் மரப்பட்டை கட்டியிருந்தார்கள், குதிரைகளின் விலா எலும்பை எண்ணலாம். போக இடம் இல்லாதவன் எப்படி விறைத்துக்கொண்டு நிற்பான் என்று எனக்குத் தெரியும், ஏழு வருஷம் நானும் அப்படித்தான் நின்றேன். வாயைத் திறந்தேன், "கொளுத்தினது தப்புதான்னு சொல்றாரு. இனிமே இதுதான் என் ஊருன்னு சொல்றாரு"ன்னு சொல்லிவிட்டேன். சபை இறங்கி வந்தது, நம் வேதத்தில் சேர்ந்து ஞானமுழுக்கு எடுத்துக்கொண்டால் தங்கலாம் என்றார்கள். அதை மட்டும் நேர்மையாக மொழிபெயர்த்தேன், அவனும் தலையாட்டினான்.

அதன் பிறகு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேனா என்று கேள். இவன் துரோகம் செய்தால் பழி முழுக்க என் நாக்கில் அல்லவா. ஆனால் அந்த ஆள் செய்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும்! தோல் பதனிடுகிறவன், மீன் உலர்த்துகிறவன், மணியடிக்கிறவன் என்று ஒருவரையும் விடாமல் பிடித்து ஆற்றங்கரையில் ஈட்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். நம் பேச்சில் அவன் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை "மறுபடியும்". காலையிலிருந்து மாலை வரை அது ஒன்றுதான். உன் அப்பா படகடியில் குனிந்தாலே பிள்ளைகள் "மறுபடியும்!" என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள். ரத்மீர் மட்டும், "நம்மைக் கொளுத்தினவன் நமக்கே வாத்தியாராயிட்டான், நல்ல கூத்து"ன்னு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாட்டுக்குப் புல் அறுத்து உலர்த்தும் சமயம் கின்புதஸ் எழுநூறு பேரோடு வந்துவிட்டான். கோட்டைப் பக்கம் வரவில்லை, கீழண்டைச் சிற்றூர்களில் புகுந்து மாடுகளையும் நாற்பத்தொரு பேரையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அத்தை வீட்டுக்குப் போயிருந்த ரத்மீரின் மகள் ஸபாவாவும் அதில் ஒருத்தி. சபை மணி அடித்து முடிப்பதற்குள் நோர்விலஸ் தன் அறுபது பேரையும் நம் ஆட்களில் முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டான். "ஓடிப் போறான் பாரு, தன் சனத்தோட சேர்ந்துக்கப் போறான்"ன்னு ரத்மீர் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு நாள் சேதி இல்லை. உன் அப்பா என்னைப் பார்த்து, "நீ அன்னைக்கு என்ன சொன்னே, அவன் என்ன சொன்னான், என்கிட்டயாவது உண்மையைச் சொல்லிடு"ன்னு கேட்டார், நான் பசுவிடம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் நண்பகலில் வந்தார்கள், வென்று வந்தார்கள்! எழுநூறு பேரைத் தொண்ணூறு பேர்! அவன் சண்டைக்கு, நடந்தே கடக்கிற ஆற்றுத் துறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். மாடும் மூட்டையுமாக அவர்கள் ஆற்றில் இறங்கி, பாதிப் பேர் தண்ணீரில், வில் நாண் எல்லாம் நனைந்து, முன்னால் போனவன் திரும்ப முடியாமல் பின்னால் வந்தவன் நகர முடியாமல் நிற்கும்வரை புதருக்குள் மூச்சு விடாமல் காத்திருந்தானாம். மணியடிக்கிற கோஸ்மா சொல்கிறான், "ஈட்டியை எப்படிப் பிடிக்கிறதுன்னே மறந்துபோச்சுக்கா, ஆனா அவர் வந்து தோள்ல கை வச்சு, மறுபடியும்னு சொன்னாரு, அவ்வளவுதான், ஆத்தங்கரையில பழகின மாதிரியே குத்தினோம்." கின்புதஸின் தம்பியை உயிரோடு பிடித்து வந்தார்கள். ஆனால் நம் நாற்பத்தொரு பேரை எதிரிகள் முதலிலேயே அக்கரை சேர்த்திருந்தார்கள், அவர்கள் கிடைக்கவில்லை. ரத்மீர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாலு நாள் கழித்துக் கின்புதஸின் தூதன் வந்தான். மறுபடி மணி, மறுபடி நான் மேடையில். ஓரமாகத் தலைத்துணி கட்டி நிற்கிற கிழவிக்கு என்ன தெரியும் என்று நினைத்தான் போலிருக்கிறது, நோர்விலஸைப் பார்த்து, "தம்பியை விடு. பதிலுக்கு உன் பெண்டாட்டி, மகளைத் தர்றோம். இல்லேன்னா அந்த நாப்பத்தொரு பட்டிக்காட்டு ஆளுங்களைத் தர்றோம். ரெண்டுல ஒண்ணு. இவங்களுக்கு நம்ம பேச்சு புரியாது, இவங்ககிட்ட நீ என்ன வேணா சொல்லிக்க"ன்னு சொன்னான். நோர்விலஸ் என் பக்கம் திரும்பி அவன் மொழியில், "எல்லாத்தையும் சொல்லும்மா. அன்னைக்கு மாதிரி தேன் தடவாதே"ன்னு சொன்னான். தெரியுமா உங்களுக்குன்னு கேட்டேன். "மூணு மாசமா உங்க பாஷை படிக்கிறேன். இது என் ஊருன்னு நான் சொன்னதா எல்லாரும் முதுகுல தட்டித் தட்டிச் சொல்றாங்க. சொல்லாத வார்த்தைக்கு மரியாதை வாங்கிட்டிருக்கேன்"னு அவன் உதட்டோரம் சிரித்தான், கண் சிரிக்கவில்லை. நான் ஒன்று விடாமல் சொன்னேன், பெண்டாட்டி, மகள், எல்லாம். ரத்மீர் எழுந்தார், வாயைத் திறந்தார், மகளைக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, உட்கார்ந்துவிட்டார். நோர்விலஸ் தூதனிடம், "நாப்பத்தொரு பேர்"ன்னு மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

ஆட்களை மாற்றிக்கொண்டது அதே ஆற்றுத் துறையில். ஆயுதம் இல்லாத ஒரு பெண் அக்கரைக்கு வந்து தலை எண்ணிக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம், அது நான்தான் என்று சொல்ல வேண்டுமா. உன் அப்பா, "நீ என்ன படகா, ஓட்டை விழுந்தா அடைச்சுக்கறதுக்கு? போகாதே"ன்னு கையைப் பிடித்தார், பிறகு அவரே துடுப்பும் போட்டார். அக்கரையில் கின்புதஸ் குதிரை மேல் இருந்தான். நோர்விலஸ் கண்ணில் படட்டும் என்றே அவன் மனைவி வைவாவையும் குழந்தையையும் மேட்டில் நிறுத்தி வைத்திருந்தான், அவ்வளவு கொழுப்பு. நான் எண்ணினேன். முப்பத்தொன்பது. திரும்ப எண்ணினேன், அதேதான். ஸபாவா என் காதில், பெரியவர் மிகூலாவும் குயவன் வீட்டு மார்ஃபாவும் வழியிலேயே இறந்துவிட்டார்கள் என்று அழுதாள். எனக்கும் அழத்தான் வந்தது, ஆனால் அந்த மேட்டைப் பார்த்தேன், மனதில் என்னவோ பளிச்சென்றது. நேராகக் கின்புதஸ் முன்னால் போய், "பிரபு, பேசினது நாப்பத்தொண்ணு. ரெண்டு தலை குறையுது. உங்க தம்பி உடம்புல கையா காலா, எந்த ரெண்டைக் குறைச்சுக்கலாம்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க"ன்னேன். யாரும் சொல்லவில்லை, யரீனா, நானேதான்! "ரெண்டு அடிமைங்களை இழுத்துட்டுப் போ"ன்னான். "அடிமை வேண்டாம். அதோ, அந்த ரெண்டு பேர்"னு மேட்டைக் காட்டினேன். அவன் முகம் கறுத்தது. "யாரு நீ? எங்க பேச்சு எங்க கத்துக்கிட்டே?"ன்னு கேட்டான். "உங்க அப்பா வீட்டுத் தொழுவத்துல, பிரபு. சின்னதுல நீங்க குடிச்ச பால் நான் கறந்ததுதான்"னேன். நான் மேட்டைக் காட்டியதைப் பார்த்துவிட்டு, நம் கரையில் கழுத்தில் கயிறோடு நின்ற தம்பி, "அண்ணே, ஒரு பொம்பளைக்காக என்னைச் சாகவிடப் போறியா?"ன்னு ஆறே அதிரும்படி கத்தினான். அக்கரை ஆட்கள் எல்லாரும் கின்புதஸையே பார்த்தார்கள். அவன் காறித் துப்பிவிட்டுக் கையை வீசினான். கொண்டு போ என்று.

படகில் இடம் இல்லை, வயதானவர்களை ஏற்றிவிட்டு மற்றவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்தோம், குழந்தை என் தோளில். தலைகளை எண்ணிக்கொண்டு நின்ற நோர்விலஸுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குதிரையிலிருந்து குதித்து, கவசத்தோடு தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடி வந்தான். குழந்தையை வாங்கிக்கொண்டான், வைவாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இரண்டு மொழியிலும் அவனுக்கு வார்த்தை வரவில்லை, மொழிபெயர்க்க எனக்கும் ஒன்றும் இல்லை.

மறுநாள் சபை அவனை ஆயுள் உள்ளவரை படைத்தலைவன் ஆக்கியது. வாளைக் கொண்டு வந்து நீட்டியவர் ரத்மீர்! என்னைப் பேச வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, அவனே நம் மொழியில், "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லல. இவங்க சொன்னாங்க. இன்னைக்கு நான் சொல்றேன், இது என் ஊரு"ன்னு தட்டுத் தடுமாறிச் சொன்னான். கோஸ்மா பின்னாலிருந்து "மறுபடியும்!" என்று கத்த, ஊரே சிரித்தது, அவனும் சிரித்துக்கொண்டு மறுபடியும் சொன்னான். என் பொய்யைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, உன் அப்பா மட்டும் வீட்டுக்கு வந்து, முப்பது வருஷத்தில் என்னிடம் எத்தனை இப்படிச் சொல்லியிருக்கிறாய் என்று கேட்டார். இப்போது வைவா தினமும் நம் வீட்டுக்கு வருகிறாள், இருவரும் வாசலில் உட்கார்ந்து சத்தமாக லித்துவேனிய மொழியில் பேசுகிறோம், தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். போகட்டுமே. நீ வரும்போது உனக்கும் கற்றுத் தருகிறேன், முன்பே தந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை லித்துவேனியர்களை நம்பக்கூடாது என்பாரே, அவரிடம் கின்புதஸைப் பற்றி மட்டும் அவர் சொல்வது சரி என்று நான் ஒப்புக்கொண்டதாகச் சொல். மழைக் காலத்துக்கு முன் கூரையைப் பாருங்கள், ஈரக் காலோடு படுக்காதே.

உனக்கும் உன் வீட்டாருக்கும் கடவுளின் அன்னை துணை இருக்கட்டும், உன் வயிறு நிறையட்டும், உன் வாசல் பகை அறியாமல் இருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, இதைத்தான் முக்கியமாக எழுத வந்தேன். மிகூலா பெரியவரின் மகன் உங்கள் ஊர்ப் படகுத் துறையில் மூட்டை தூக்குகிறான். சந்தைப் பேச்சாக அவன் காதில் விழுமுன் நீயே போய், அவனை உட்காரவைத்து, ஏதாவது குடிக்கக் கொடுத்துவிட்டுச் சொல். அவன் அப்பா நடக்கும்போதே விழுந்துவிட்டார், அதிகம் துன்பப்படவில்லை என்று ஸபாவா சொன்னாள். அவர் இடத்தில் ஒரு குழந்தை ஆற்றைக் கடந்து வந்தது, அதன் பெயர் தாலியா, என் தோளில் இருந்தபடி வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தது என்றும் சொல்.

இப்படிக்கு உன்னை நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
மிலூஷா,
பெரெவோஸ்க் ஊர்ச்சபையின் மொழிபெயர்ப்புக்காரி.