அம்மாவின் தாடைக்கு ஆளுக்கொரு யோசனை

1936, மார்ச் 2, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்த மழையும் பெய்யாமல் போய்விட்டது. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

போன வருஷம் கன்னத்துக்குள் வெட்டி எடுத்த அதே இடத்தில் மறுபடி புண். தாடைக்குக் கீழே கட்டி. புற்று திரும்பிவிட்டது.

வெள்ளைக்கார டாக்டர் இங்கிலீஷில் சொன்னது: எலும்பைத் தொட்டுவிட்டது. இடது தாடையை எடுக்க வேண்டும், நாக்கிலும் கொஞ்சம். மேஜையிலேயே உயிர் போகலாம். எடுக்காவிட்டால் சில மாதம்.

கட்டுப்போடுகிற டிரெஸர் அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னது: "பயப்படாதீங்கம்மா. சின்ன ஆபரேஷன்தான்."

நான் பக்கத்தில் நிற்கிறேன். புடவை கட்டியவளுக்கு இங்கிலீஷ் எங்கே தெரியப்போகிறது என்று நினைப்பு. மடையன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவனைத் தாண்டி டாக்டரிடமே கேட்டாள். பாசாரில், சந்தையில், மீன்காரனோடு மல்லுக்கட்டிப் பழகிய மலாய். "துவான், சூடா போத்தோங், போலே சக்காப்?" வெட்டின பிறகு பேச முடியுமா என்று.

டாக்டர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சிக்கிட்," என்றார். கொஞ்சம்.

நான் ரேடியம் சிகிச்சை பற்றிக் கேட்டேன். சிங்கப்பூருக்குப் போனால் கிடைக்கலாமாம். எலும்பில் இறங்கியபின் பெரிய பயன் இருக்காதாம். ஆனால் முகம் முகமாக இருக்கும். வியாழக்கிழமை முடிவு சொல்ல வேண்டும்.

மார்ச் 3, செவ்வாய்

நாங்கள் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கச் சேதி பரவிவிட்டது. வந்தவர்கள்:

பக்கத்து வீட்டு கிளார்க் பெண்சாதி. பப்பாளிப் பால் தடவச் சொன்னாள். யாருக்குக் குணமாயிற்று என்று கேட்டேன். "யாரோ சொன்னாங்கலா," என்றாள்.

போதகர். முழங்கால் போட்டு நீளமான ஜெபம். எழுந்ததும் காப்பிக்குச் சீனி போதவில்லை என்றார்.

அப்பாவோடு வேலை பார்த்த ஒரு கிழவர். யாரோ ஒருத்தர் கத்தி வைத்த மறுநாளே செத்த கதையை விலாவாரியாகச் சொன்னார். அம்மா எதிரே உட்கார்ந்திருக்க.

எல்லாரும் "அவங்க", "அவங்களுக்கு" என்றுதான் என்னிடம் பேசினார்கள். அம்மா பீங்கான் கிண்ணத்தில் துப்பிக்கொண்டே எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மட்டும் என்ன. சாயங்காலம் தலையணை உறைக்குள் கை விட்டால் புகையிலைப் பொட்டலம். விட்டாயிற்று என்று டாக்டரிடம் கர்த்தர்மேல் சத்தியம் பண்ணியவள். தூக்கி எறிந்தேன். என்னைத் திட்டிய திட்டில் தெரு நாய் எழுந்து போயிற்று.

மார்ச் 4, புதன்

மழை. துணி காயவில்லை.

கிள்ளானிலிருந்து சாமுவேல் அண்ணன். கூடவே கிரேஸ் அண்ணி. அண்ணன் வெள்ளைக் கோட்டு, நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறாராம். பொடி, பத்தியம், மேலே ஒரு களிம்பு. "கத்தி வச்சா உடம்பு பூரா பரவிடும். வெள்ளைக்காரனுக்கு என்ன, வெட்டிப் பழகுவான்."

கடைக்கணக்குக்கு மேல் ஒரு வரி படித்தறியாதவன் சர்ஜரி பற்றிப் பேசுகிறான். வைத்தியர் யாரையாவது குணமாக்கியிருக்கிறாரா என்றேன். "நம்பிக்கை வேணும் தங்கச்சி."

உண்மை அடுப்படியில் வந்தது. கிரேஸ் அண்ணி என் காதருகில்: "ஈஸ்டர் கழிஞ்சு நம்ம பொண்ணு ரூபிக்குக் கல்யாணம் வச்சிருக்கு. சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி அத்தையை அந்த மூஞ்சியோட எப்படி உக்கார வைக்கிறது? கல்யாணம் வரைக்கும் பொடியைக் குடிச்சுக்கிட்டு இருக்கட்டுமே."

நடுவில் வெறும் பலகைச் சுவர். அந்தப் பக்கம் அம்மா.

அவர்கள் ரயிலேறிப் போனபின் கூப்பிட்டாள். "நீ என்ன சொல்றே?"

"சிங்கப்பூர் போகலாம்மா. ரேடியம் வைக்கலாம்."

"அது இந்த எலும்புக்குக் கேக்குமா?"

"அவ்வளவா கேக்காதுன்னாரு."

"பின்னே ஏன் போகணும்?"

காயாத துணியைத் தொட்டுப் பார்க்க எழுந்தேன்.

"உனக்கும் என் மூஞ்சிதான்டி வேணும்," என்றாள்.

அண்ணனுக்குக் கௌரவம், எனக்குப் பயம். என்னுடையதற்கு நவீன சிகிச்சை என்று பேர் வைத்திருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் 5, வியாழன்

அம்மா டாக்டரிடம் ஒரே சொல்: "போத்தோங்." வெட்டு.

டிரெஸர் என்னவோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தான். அவனைப் பார்க்கக்கூட இல்லை.

திரும்பும்போது ரிக்‌ஷாவில்: "புண்ணு நாத்தம் எனக்கே தாங்கலைடி. வெட்டி எறியட்டும். செத்தா மேசையில சாவேன். அந்த வைத்தியன் குடுக்குற மண்ணைத் தின்னுட்டு, எப்ப போவாளோன்னு எல்லாரும் பாக்க, மொகட்டப் பாத்துக்கிட்டுக் கிடக்க மாட்டேன்."

அவள் கையைப் பிடித்தேன். வியர்க்கிறது என்று உதறிவிட்டாள்.

மார்ச் 7, சனி

அம்மா சொன்னாள்: "பேச்சு இருக்கும்போதே பேசிடணும். கிள்ளானுக்குக் கூட்டிட்டுப் போ." போனோம்.

அண்ணன் கடை. ஆட்கள் நின்றிருந்தார்கள். அம்மா உட்காரவில்லை. "சாமுவேலு, ரயில்காரப் பயலுகளுக்குச் சோறு பொங்கிப் போட்டுத்தான் உன்னை ஆளாக்கினேன். அப்ப என் மூஞ்சி புகை புடிச்சுக் கரியாத்தான் இருந்துச்சு. அப்ப உனக்குக் கூசலை."

அண்ணன் "உள்ள வாங்கம்மா, உள்ள வாங்க" என்று கெஞ்சினான். கோட்டுக்குள் வியர்வை. கிரேஸ் அண்ணி ஒரு தூண் பின்னால். சந்தோஷமாக இருந்தது எனக்கு. ஏன் மறைக்க வேண்டும்.

பிறகு உள்ளே போய் ரூபியை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்து, தலையைத் தடவி, மெதுவாக: "மாப்பிள்ளை கை ஓங்கினான்னா ஒரு நாள்கூடப் பொறுக்காதே. நேரா ரயிலேறிப் பாட்டி வீட்டுக்கு வந்துடு."

கல்யாணப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது என்று அண்ணன் முணுமுணுத்தான். ரூபி அழுதாள்.

திரும்பும் வழியெல்லாம் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். டிக்கெட் பார்க்கிறவனிடம், எதிரே இருந்த சீனத்தியிடம். வாய் வலித்திருக்கும். நிறுத்தவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

ஆபரேஷன். வெளியே பெஞ்சு. போதகர் வந்து ஜெபம் பண்ணட்டுமா என்றார். சத்தமில்லாமல் பண்ணுங்கள் என்றேன்.

உயிர் இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

வெயில். வார்டில் டெட்டால் வாடை.

அண்ணன் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தான். பல்லும் தாடையும் இல்லாதவளுக்கு ஆரஞ்சு! கட்டுப் பிரிக்கப் போகிறார்கள் என்றதும் ரத்த வாடை ஆகாது என்று வராந்தாவுக்குப் போய்விட்டான். கல்யாணத்துக்கு அம்மா அலைய வேண்டாம் என்று அங்கிருந்தே சொன்னான். கூட வந்த ரூபி, "பாட்டி வராம நான் சர்ச்சுக்குள்ள கால் வைக்க மாட்டேன்ப்பா," என்றாள்.

வார்டு மிஸி, நர்ஸ், கட்டைப் பிரித்து, மூக்கு வைத்த பால் கோப்பையை என்னிடம் கொடுத்தாள். "நீங்களே குடுங்க. வீட்டுக்குப் போனா நீங்கதானே பாக்கணும்."

இடது பக்கம் ஒன்றுமே இல்லை. உள்வாங்கி, தையலும் வீக்கமுமாக, வேறு யாரோ போல. கண் மட்டும் அவளுடையது. அந்தக் கண் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் முகத்தைத் திருப்பவில்லை. வலது பக்கமாகக் கோப்பையின் மூக்கை வைத்துச் சாய்த்தேன். பாதி கழுத்தில் வழிந்தது, துடைத்தேன். மீதி இறங்கிற்று. தொண்டை அசைந்ததைப் பார்த்தேன்.

கோப்பையை எடுக்கப்போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். இன்னும் வேண்டுமாம்.