ஒட்டுக்குக் கீழே

ஏப்ரல் 14

அன்பு மருமகளுக்குத் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

உன் அப்பா ஒட்டுக் கட்டிய ஆப்ரிகாட் மரம் ராஜா மாதிரி நிற்கிறது. இந்த வருஷம் பச்சைப்பசேலென்று தழைத்து, இலைக்கு நடுவே வெள்ளையாய்ப் பூத்துக் குலுங்குகிறது. தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "உங்க கைராசி யாருக்குங்க வரும்" என்றார். தெருவே அதைத்தான் சொல்கிறது.

உன் வீட்டில் ஒட்டுப்போடக் குச்சி கேட்டு மூன்று வருஷமாக நச்சரிக்கிறாய். பூத்த மரத்தில் கத்தி வைக்கலாமா? எனக்குத் தெரியாத மரமா? இப்போதைக்கு ஓர் இலை அனுப்பியிருக்கிறேன்.

உன் மாமா

ஏப்ரல் 25

மாமாவுக்கு,

ஆப்ரிகாட் வெறுங்கிளையில் பூக்கும். பூ உதிர்ந்த பிறகுதான் இலை வரும். இலை அகலமாய், ஏறக்குறைய வட்டமாய், நுனி மட்டும் கூராய் இருக்கும். நீங்கள் அனுப்பியது ஒடுங்கி நீண்டிருக்கிறது. அது பிளம்ஸ் இலை.

அப்பா பிளம்ஸ் வேரின்மேல்தான் ஒட்டுக் கட்டினார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒட்டு சேர்ந்த இடம் புடைப்பாக இருக்கும். அதற்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் பிளம்ஸ்தான். அது இருக்கிறதா, இல்லையா? அவர் வளர்த்ததில் மிச்சம் அந்த ஒரு மரம்தான். கொட்டை போட்டால் அதே மரம் வராது.

மருமகள்

மே 6

அன்பு மருமகளுக்கு,

படித்தவள் கேட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும். உன் அப்பா காலமானதற்கு அடுத்த குளிர்காலம், மரம் ஓர் இலைகூட இல்லாமல் நின்றது. பட்டுப்போச்சு என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மாற்றிப் பேசுகிற ஆளா நான்? அடியோடு அறுத்தேன். கிளையை இழுத்துப் போடும்போதுதான் பார்த்தேன், குச்சியெல்லாம் சிவப்புச் சிவப்பாய் மொட்டு. யாரும் பார்க்குமுன் கொளுத்திவிட்டேன். பிறகு அடியிலிருந்து துளிர் வந்தது. அதே மரம்தான் என்று இருந்துவிட்டேன். அறுத்தாலும் தழைக்க வைத்தேனே, அதை நினைத்துப் பார்.

உன் மாமா

மே 15

மாமாவுக்கு,

அறுத்ததை மன்னித்திருப்பேன். கொளுத்தாமல், அன்றைக்கே ஒரு குச்சியை ஈரத்துணியில் சுற்றி அனுப்பியிருந்தால் மரம் இங்கே பிழைத்திருக்கும். இனி எழுதாதீர்கள்.

அடுத்த வருஷம், ஏப்ரல் 18

அன்பு மருமகளுக்கு,

நாலு கடிதம் போட்டேன். பதில் இல்லை. உனக்கு வேலை அதிகமாக இருக்கும். மரம் போன வருஷத்தைவிட அமோகமாய்ப் பூத்திருக்கிறது. இலையோடுதான். தபால்காரரிடம் இன்னும் ஆப்ரிகாட் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். நீ எப்போதாவது வந்தால், அவர் எதிரில் மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதே.

உன் மாமா