கையெழுத்துப் போடாத செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு, யோலாந்தா எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்தான், பிரேமன் நகரில் மழைதான் விட்டபாடில்லை.

கல்யாணத்துக்கு முன்பே எழுத வேண்டும் என்று ஹென்னிங் வீட்டார் கேட்ட ஒப்பந்தத்துக்காகச் செவ்வாய்க்கிழமை நோட்டரியிடம் போனோம். பயப்படாதே, சண்டை ஒன்றுமில்லை. இங்கே நோட்டரி ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் கையெழுத்து. ‘பிரிந்தால், பிள்ளையை வளர்க்க வேலையை விட்டிருந்தாலும், மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது’ என்று படித்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“புரிஞ்சுதாம்மா?”

“அவளுக்கு நல்லாவே புரியும். ஆறு வருஷமா இங்கதானே நர்ஸா இருக்கா,” என்றான் ஹென்னிங்.

“நான் அவங்களைக் கேட்டேன்.”

“ஜெர்மன் எனக்கு வராதுங்க. போலிஷ் மட்டும்தான்,” என்றேன், சுத்தமான ஜெர்மனில். நோட்டரி சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் மேலே போக முடியாது என்று கோப்பை மூடிவிட்டார்.

காரில் ஹென்னிங் கேட்டான்: “ஒரு வார்த்தைகூடவா புரியல?”

“எல்லாம் புரிஞ்சுது. உனக்குத்தான் அது உறுத்தவே இல்ல.”

கல்யாணச் செருப்பை இப்போது அனுப்பாதே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்பு. அதில் ஒரு ஜோடி உன் கட்டைவிரல் அளவு இருந்தால் போதும். போனில் எதுவும் கேட்காதே, ஹென்னிங்கிடம் இன்னும் சொல்லவில்லை. பணிக்கு நேரமாகிவிட்டது.

உன் யோலா